பகடையில் ஓடும் பேஸ்பால்: எங்கள் லீக்கைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்கு நாட்டில் பேஸ்பால் லீக்கா? மைதானம் எங்கே இருக்கிறது?

மைதானம் கிடையாது. மட்டை, பந்து, கையுறை எதுவும் கிடையாது. ஒரு மேசை, மூன்று பகடை, வீரர்களின் அட்டைகள், ஒரு நீள நோட்டு, அவ்வளவுதான். அமெரிக்காவில் நிஜமாக ஆடிய வீரர் ஒருவர் ஒரு சீசன் முழுக்க என்ன செய்தார் என்பது ஓர் அட்டையில் எண்களாக அச்சாகியிருக்கும். அந்த வீரர்களை நாங்கள் ஏலத்தில் எடுத்து அணி சேர்த்து, பகடை உருட்டி ஒருவரோடு ஒருவர் மோதுகிறோம். கோவையில் ஒரு கல்லூரி விடுதியில் ஆரம்பித்தது. இப்போது எங்கள் பிள்ளைகளே கல்லூரிக்குப் போகிறார்கள்.

மொத்தம் எட்டு அணிகள்: கோவை, பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர், காங்கேயம், ஈரோடு, பவானி, கோபி. அவரவர் ஊர்தான் அணியின் பெயர். லீக் விஷயம் பேசும்போது ஆளையும் ஊரை வைத்தே கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நான் கோவை. லீக்கின் கணக்குப்பிள்ளையும் நானே.

எனக்கு பேஸ்பால் தெரியாது. புரியுமா?

கிரிக்கெட் தெரிந்தால் பாதி வந்துவிடும். பக்கத்துக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ். மூன்று பேர் அவுட் ஆனால் அடுத்த அணி அடிக்க வரும். வீசுகிறவர் பிட்சர், அடிக்கிறவர் பேட்டர். களத்தின் நான்கு மூலையிலும் இருக்கும் குறியிடங்கள்தான் பேஸ்; நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். அடிக்க வேண்டிய பந்தை விட்டாலோ வீசித் தவறவிட்டாலோ ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட். பிட்சர் நான்கு பந்தைத் தப்பாகப் போட்டால் பேட்டர் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம், அதுதான் வாக். பந்து வேலியைத் தாண்டினால் ஹோம் ரன். நிஜ சீசனில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். பிட்சரை எடைபோட ஈஆர்ஏ என்று ஒரு கணக்கு உண்டு: களத்தடுப்பின் பிழையால் வந்த ரன் நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்பது. மூன்றுக்குக் கீழே இருந்தால் கெட்டிக்காரர். இதற்கு மேல் தேவைப்படுவதை அங்கங்கே சொல்கிறேன்.

யார் ஆரம்பித்தது?

திருப்பூர்க்காரர். அவர் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி இருந்தது. உடம்பு ஒரு நிறம், கை இன்னொரு நிறம், கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாகத் தையல் போட்ட ரேக்லான் சட்டைகளை வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு பேஸ்பால் சட்டை என்று பெயர் என்பதுதான் அந்த விளையாட்டைப் பற்றி எங்களில் யாருக்காவது தெரிந்திருந்த முதல் தகவல். ஆர்டர் விஷயமாக நியூயார்க் போன உறவினர் ஒருவர், தம்பி விளையாடட்டும் என்று ஒரு பெட்டியை வாங்கி வந்து கொடுத்தார். மேலே ஸ்ட்ராட் ஓ மேட்டிக் என்று எழுதியிருந்தது. உள்ளே 1998ம் ஆண்டு சீசனின் அட்டைகள்.

அதுவரை விடுதியில் புத்தக கிரிக்கெட்தான் ஓடிக்கொண்டிருந்தது. புத்தகத்தைத் திறந்தால் பக்க எண்ணின் கடைசி இலக்கம் ரன், சைபர் வந்தால் அவுட். அதில் ஒரு தொல்லை. பழகிய புத்தகம் பழகிய பக்கத்திலேயே திறக்கும். பொறியியல் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஈரோட்டுக்காரர் சதம் மேல் சதமாக அடித்துக்கொண்டிருந்தார். பகடை வந்ததும் அந்தச் சாம்ராஜ்யம் சரிந்தது. முதல் சீசன் நடந்ததற்குப் பெரிய காரணம் அவரை ஒரு வழியாகத் தோற்கடிக்கலாம் என்ற ஆசைதான்.

இந்த விளையாட்டை யார் கண்டுபிடித்தது? நீங்களா?

இல்லை. அமெரிக்காவில் இதற்கு நீண்ட பரம்பரை உண்டு. ஈதன் ஆலன் என்ற முன்னாள் வீரர் வட்டத் தட்டும் சுழலும் முள்ளும் வைத்து ஆடுகிற ஒன்றை 1941ல் கொண்டுவந்தார். டிக் சைட்ஸ் என்பவர் பென்சில்வேனியாவின் லாங்காஸ்டரில் 1951ல் ஆப்பா என்ற ஆட்டத்தை விற்க ஆரம்பித்தார். அதில் இரண்டு பகடையைக் கூட்டாமல் 11 முதல் 66 வரை பக்கத்துப் பக்கத்து இலக்கமாகப் படிப்பார்கள். நியூயார்க் பக்கம் ஹால் ரிச்மன் என்ற பையன், முள் சுழற்றும் ஆட்டத்தில் திருப்தியில்லாமல் தானே பகடையை வைத்து ஒன்றை யோசித்து, பெரியவனான பிறகு 1961ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுதான் எங்களுக்கு வந்த பெட்டி. 1981ல் அங்கே வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து நிஜ ஆட்டங்கள் நின்றபோது, கிளீவ்லாந்தில் நடக்க வேண்டிய ஆல் ஸ்டார் ஆட்டத்தை (எல்லா அணியின் நட்சத்திரங்களும் மோதும் ஆட்டம்) அந்த மைதானத்திலேயே இந்தப் பகடையால் ஆடிக் காட்டினார்கள். காலி மைதானத்தில் பகடை உருட்டியவர்கள் இருக்கும்போது, நாங்கள் விடுதி மாடியில் உருட்டியதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அட்டையில் இருப்பது நிஜ வீரர் மாதிரியே ஆடுமா? எப்படி?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

மூன்று பகடையில் ஒன்று வெள்ளை, இரண்டு சிவப்பு. மூன்றையும் சேர்த்தே உருட்ட வேண்டும். வெள்ளையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பிட்சரின் அட்டையை. விழுந்த எண்தான் பத்தி. சிவப்பு இரண்டையும் கூட்டினால் வருவது வரிசை. பத்தியும் வரிசையும் சந்திக்கிற இடத்தில் ஹோம் ரன், வாக், ஸ்ட்ரைக் அவுட் என்று ஏதோ ஒன்று எழுதியிருக்கும்.

இரண்டு பகடையின் கூட்டுத்தொகை 7 வர 36ல் 6 வழிகள். 2 வர ஒரே ஒரு வழி. ஆகவே ஒரு பத்தியில் 36 வாய்ப்பு, மூன்று பத்தி சேர்ந்த ஓர் அட்டையில் 108 வாய்ப்பு, இரண்டு அட்டையும் சேர்த்தால் 216. (நிஜ பேஸ்பால் பந்திலும் 108 இரட்டைத் தையல்கள். எங்கள் உடுமலைக்காரர் இதைத் தற்செயல் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார்.)

இப்போது 1998ல் மார்க் மெக்வயரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு 681 முறை அடிக்க வந்து 70 ஹோம் ரன் அடித்தார். 216 வாய்ப்புக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 22. ஆனால் 22ஐயும் அவர் அட்டையிலேயே எழுதினால் தப்பு. பாதி உருட்டல்கள் பிட்சரின் அட்டைக்குப் போகும், அந்த அட்டைகளிலும் ஹோம் ரன் உண்டு. சராசரி பிட்சரின் அட்டையிலிருந்து மூன்று வாய்ப்பு வரும் என்று வைத்துக்கொண்டால், மெக்வயருக்கு 19 போல மிஞ்சும். ஒவ்வொரு வீரருக்கும், ஹோம் ரன்னுக்கு மட்டுமல்லாமல் ஒவ்வொரு விளைவுக்கும், இந்தக் கழித்தலைச் செய்ய வேண்டும். அப்புறம் அவற்றை 2 முதல் 12 வரை வரிசைகளில் கூட்டு சரியாக வரும்படி அடுக்க வேண்டும். 19 வேண்டுமென்றால் ஒரு 7, ஒரு 6, ஒரு 8, ஒரு 4: அதாவது 6, 5, 5, 3. நல்ல பெரிய கைக்கு நல்ல நடு வரிசைகள்.

அமெரிக்காவிலிருந்து புது அட்டைகள் வரவழைக்கக் காசு இல்லாத வருடங்களில் ஈரோட்டுக்காரர் இந்தக் கணக்கைப் போட்டு, திருமணப் பத்திரிகை அடிக்கும் கெட்டித் தாளில் கையாலேயே அட்டை எழுதினார். புத்தக கிரிக்கெட்டில் ஏமாற்றிய அதே மனிதர்தான். லீக்கில் மிக நேர்மையான வேலை அவர் செய்ததுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

களத்தடுப்புக்குத் தனி எண் உண்டு, 1 என்றால் பிரமாதம், 5 என்றால் மரக்கட்டை. அதற்கு 20 முகப் பகடை ஒன்று வேண்டும். அது விடுதியைக் காலி செய்தபோது தொலைந்ததால், பல வருடம் டம்ளரில் துண்டுச் சீட்டு போட்டுத்தான் எடுத்தோம். தாயக்கட்டையால் சமாளிக்கலாமா என்று பவானிக்காரர் கேட்டார். ஒரு கட்டைக்கு நான்கு பக்கம், இரண்டு கட்டைக்கு 16 சேர்க்கை, 20 வராது. அந்தச் சமயம் அவர் வீட்டு அம்மாயி எங்கள் ஆட்டத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதுல வெட்டே இல்லீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் எழுந்து போய்விட்டார்.

ஏன் கிரிக்கெட் ஆடவில்லை?

செய்து பார்த்தோம். சரிப்படவில்லை. ஒருநாள் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 300 பந்து. முழுசாக உருட்டினால் 600 உருட்டல். பேஸ்பாலில் இரண்டு பக்கமும் சேர்த்து எழுபத்தைந்து, எண்பது பேர் அடிக்க வருவார்கள், ஒரு ஆளுக்கு ஓர் உருட்டல். அரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

அதைவிடப் பெரிய காரணம் வேறு. கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் பத்து ரன்னுக்கு மூன்று விக்கெட் போன நிலையில் ஆடுவதும், கடைசி ஐந்து ஓவரில் ஆடுவதும் இரண்டு வேறு ஆட்டங்கள். பிட்ச் மாறும், பந்து பழசாகும். ஓர் அட்டையில் அடங்காது. பேஸ்பாலில் ஒவ்வொரு மோதலும் தனியாக நறுக்கென்று முடியும், எண்ணுவதற்கென்றே செய்த மாதிரி. அதை எண்ணக் கற்றுக்கொடுத்தவரே கிரிக்கெட்காரர்தான். இங்கிலாந்தின் எக்ஸிடரில் பிறந்து அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்த ஹென்றி சாட்விக்தான் பேஸ்பாலின் ஸ்கோர் அட்டையையும் புள்ளிவிவரப் பழக்கத்தையும் உருவாக்கினார். உலகத்தின் முதல் சர்வதேச கிரிக்கெட் ஆட்டமே 1844ல் நியூயார்க்கில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடந்ததுதான். ஆகவே நாங்கள் கட்சி மாறிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

இது மொபைலில் ஆடுகிற ஃபேன்டஸி விளையாட்டு மாதிரியா? காசு வைக்கிறீர்களா?

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். ஃபேன்டஸியில் இன்றைக்கு நடக்கிற நிஜ ஆட்டத்தைப் பார்த்துப் புள்ளி வரும். டேனியல் ஓக்ரென்டும் நண்பர்களும் 1980ல் நியூயார்க்கில் ஆரம்பித்த பழக்கம் அது. எங்களுடையதில் நிஜ சீசன் முடிந்து, அட்டையாக உறைந்த பிறகுதான் ஆட்டம். காசு ஒரு பைசா கிடையாது. ஏலத்தில் நாங்கள் கொடுப்பது தேங்காய், அதுவும் நோட்டில் எழுதும் தேங்காய்.

ஏலம் எப்படி நடக்கும்?

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. யார் வீட்டிலாவது தோட்டத்துச் சாலையில், அதாவது கொட்டகையில், கூடுவோம். ஆளுக்கு நூறு தேங்காய். போன வருட அணியிலிருந்து சிலரை வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் ஏலத்துக்கு. கூவுவது காங்கேயத்துக்காரர், அவர் குரலுக்கு மைக் வேண்டாம்.

எங்களுக்கே உரியது என்று ஒன்று உண்டென்றால் அது துண்டு. மாட்டுச் சந்தையில் தரகரும் வாங்குகிறவரும் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, சுற்றி நிற்கிறவனுக்கு எதுவும் தெரியாமல், அதேதான். ஏலம் முடிந்த பிறகு இரண்டு அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கு இதைக் கொண்டுவந்தவர் பொள்ளாச்சிக்காரர். அவர் மாமா சந்தையில் தரகு பார்த்தவர். பழைய முறையில், இரண்டு பேர் ஒரு மாற்றல் பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது ஆள் குறுக்கே விழுந்து, "அதுக்கு நான் இன்னும் ரெண்டு தேங்கா சேத்தித் தர்றேனுங்க" என்று கெடுத்துவிடுவார். துண்டு வந்த பிறகு பேச்சு முடிந்து கை வெளியே வந்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். வெளியே வந்த பிறகு மாற்ற முடியாது. நான் நோட்டில் எழுதிவிடுவேன்.

லீக் இத்தனை வருடம் எப்படித் தாக்குப்பிடித்தது?

நட்பு என்று சொல்வார்கள். நட்போடு ஆரம்பித்து இரண்டாவது சீசனில் செத்துப்போன லீக்குகள் எனக்குத் தெரியும். என் கட்சி வேறு: லீக் எப்போதும் அடியிலிருந்துதான் சாகும். முதல் இடத்தில் இருப்பவர் விடிகாலையில் எழுப்பினாலும் ஆட வருவார். எட்டாவது இடத்தில் இருப்பவர் ஆடி மாதத்திலேயே, "கொஞ்சம் சோலி இருக்குதுங்க, அடுத்த வாரம் பாக்கலாம்" என்பார். அவர் ஆடாவிட்டால் அவரோடு ஆட வேண்டிய ஏழு பேருக்கும் ஆட்டம் நிலுவை. நிலுவை சேர்ந்தால் பட்டியல் பொய்யாகிவிடும். பட்டியல் பொய்யானால் முதல் இடத்துக்காரருக்கும் ருசி போய்விடும். எங்கள் சட்டங்களில் பெரும்பாலானவை இந்த எட்டாம் இடத்துக்காரரைப் பிடித்து வைப்பதற்காகவே பிறந்தவை.

முதலில், எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரி, கடைசியில் வந்தவருக்கு அடுத்த ஏலத்துக்கு முன் ஒரு வீரரை இலவசமாக எடுக்கும் உரிமை கொடுத்தோம். உடனே வேண்டுமென்றே தோற்க ஆரம்பித்தார்கள். பெயர் சொல்லவில்லை, அந்த ஊர் பவானி ஆற்றங்கரையில் இருக்கிறது, ஆனால் பவானி இல்லை. ஆகவே மாற்றினோம். மேலே இருக்கும் நான்கு அணிகள் கோப்பைக்கு ஆடும்போது, கீழே இருக்கும் நான்கும் தங்களுக்குள் ஒரு தொடர் ஆட வேண்டும். அதில் ஜெயிக்கிறவருக்குத்தான் இலவச வீரர். தோற்று எதையும் சம்பாதிக்க முடியாது. சில வருடங்களில் கீழ்த் தொடர்தான் மேலே நடப்பதைவிட விறுவிறுப்பு.

அடுத்தது, ஆட்டக் குறிப்பு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நோட்டில் நான்கைந்து வரி எழுத வேண்டும். அதை எழுதுகிற உரிமை தோற்றவருக்கே. ஜெயித்தவர் ஒரு வார்த்தை சேர்க்கக்கூடாது. இந்தச் சட்டம் வந்த பிறகு பவானிக்காரர் ஓர் ஆட்டத்தைக்கூடத் தள்ளிப்போடவில்லை. வருடக்கணக்காகக் கீழேயே கிடந்த அணி அவருடையது. ஆனால் நோட்டில் அவர் எழுதியதைப் படிக்கத்தான் எல்லாரும் முதலில் தேடுவோம். ஒரு முறை திருப்பூரிடம் பதினைந்து ரன் வித்தியாசத்தில் தோற்றுவிட்டு, மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்ததால் தன் வீரர்களின் கவனம் ஆற்றுப் பக்கம் போய்விட்டது என்று எழுதியிருந்தார்.

விருந்துச் சட்டமும் உண்டு. கோப்பை வென்றவர் செலவு செய்ய வேண்டும், எங்கே, என்ன சாப்பாடு என்று முடிவு செய்வது கடைசி இடத்துக்காரர். ஒரு வருடம் உடுமலைக்காரர் கறிவிருந்து எதிர்பார்த்து வந்த ஏழு பேருக்கும் சந்தகையும் (இடியாப்பம் மாதிரி) தேங்காய்ப் பாலும் மட்டும் என்று முடிவு செய்தார். யாரும் மறுபேச்சுப் பேச முடியவில்லை. அந்தச் சந்தகை நன்றாகவே இருந்தது என்பது வேறு விஷயம்.

நல்ல பிட்சர் ஒருவர் கிடைத்தால் கோப்பை உறுதியா?

கோபிக்காரரைக் கேளுங்கள். 2000ம் ஆண்டு பெட்ரோ மார்டினெஸின் அட்டை அவரிடம் இருந்தது. அந்த ஆண்டு பெட்ரோவின் ஈஆர்ஏ 1.74; அவர் ஆடிய அமெரிக்கன் லீக்கின் சராசரியோ 5ஐத் தொடப் போய்க்கொண்டிருந்தது. ஏலத்தில் பாதித் தேங்காய் அவருக்கே போனது. ஆனால் பிட்சர் ஐந்து ஆட்டத்துக்கு ஒரு முறைதான் வீச முடியும். மீதி நான்கு நாள் கோபிக்கு வீசியவர்களின் அட்டைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அந்த சீசனில் ஐந்தில் ஒரு நாள் கோபி கொடி பறந்தது, மற்ற நாளில் எல்லாரும் கோபிக்காரரைத் தேடிப்போய் ஆடினார்கள்.

கோப்பை வாங்கித் தருவது பெரும்பாலும் வாக் வாங்குகிற பேட்டர்கள். அடித்துப் போனாலும் நடந்து போனாலும் முதல் பேஸ் முதல் பேஸ்தான். நாங்கள் இதைப் புரிந்துகொள்ளச் சில சீசன் ஆனது. அதற்குள் காங்கேயத்துக்காரர் மலிவு விலையில் அப்படிப்பட்டவர்களை வளைத்துப்போட்டு வரிசையாகக் கோப்பை வாங்கிவிட்டார்.

பெரிய சண்டை வந்தது எப்போது?

பாரி பாண்ட்ஸால். 2004ல் அவர் நிஜமாகவே 232 வாக் வாங்கினார், அதில் 120 எதிரணி வேண்டுமென்றே கொடுத்தது. அடிக்க விடுவதைவிட முதல் பேஸைத் தானமாகக் கொடுப்பதே மேல் என்று நினைத்தார்கள். அந்த அட்டை ஈரோட்டிடம் இருந்தது. பொள்ளாச்சிக்காரர் ஒரு தொடர் முழுக்க பாண்ட்ஸ் வரும்போதெல்லாம் பகடையையே தொடவில்லை, "நடக்கச் சொல்லுங்க" என்பதோடு சரி. அட்டையில் ஏற்கெனவே நிஜத்தில் கொடுத்த வாக்கெல்லாம் கணக்காகி இருக்கிறது, மேலும் கொடுத்தால் ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை என்பது ஈரோட்டின் வாதம். விதிப்புத்தகம் தடுக்கவில்லை என்பது பொள்ளாச்சியின் வாதம். இரண்டு பேரும் சில மாதம் பேசிக்கொள்ளவில்லை. மாரியம்மன் நோம்பிக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாத ஒரே வருடம் அது.

தீர்வாக வந்ததுதான் எங்கள் சட்டங்களுக்கெல்லாம் தாய்ச் சட்டம்: எந்த விதி மாற்றமும் அடுத்த சீசனிலிருந்துதான் நடைமுறைக்கு வரும். நடக்கிற சீசனில் யாருக்கும் சாதகமாக எதையும் மாற்ற முடியாது. ஆகவே அந்த வருடம் பொள்ளாச்சி செய்தது செல்லும். அடுத்த வருடம் முதல், பேஸில் ஆள் இருந்தால்தான் வேண்டுமென்றே வாக் கொடுக்கலாம். ஆறப்போட்டால் பாதிச் சண்டை தானாகவே ஆவியாகிவிடுகிறது.

கணினியில் ஆடக்கூடாதா?

ஆடினோம். படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசை போனதும் வேறு வழி இருக்கவில்லை. முதலில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மின்னஞ்சலில் அணிப்பட்டியல் அனுப்பினோம், நான் இரண்டு பக்கத்துக்கும் பகடை உருட்டி முடிவை அனுப்பினேன். அப்புறம் மார்கஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மானியர் எழுதிய அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் என்ற மென்பொருளுக்கு மாறினோம். பிரமாதமான மென்பொருள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. வீரருக்கு வயசாகும், காயம்படும், ஒப்பந்தம் முடியும், புதுப் பையன்கள் வருவார்கள். ஒரு சீசனை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஓட்டி முடித்துவிடும்.

வில்லங்கமே அதில்தான். ஆட்டத்தை யாரும் ஆடுவதில்லை, முடிவு வந்து விழுகிறது. யார் முதலில் பட்டியல் அனுப்புவதை நிறுத்தினார்கள் என்று நினைக்கிறீர்கள்? கீழே இருந்த மூன்று பேர். மென்பொருள் அவர்களுக்குப் பதிலாகத் தானே பட்டியல் போட்டுக்கொண்டது, எங்களில் சிலர் கவனிக்கவே இல்லை. திருப்பூர்க்காரர் சுத்தமாக விலகியிருந்தார். அப்பாவுக்குப் பிறகு தொழிலை அவர் எடுத்து நடத்திக்கொண்டிருந்த நேரம், 2011ல் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு ஊரே தவித்துக்கொண்டிருந்தது. அவரிடம் பேஸ்பாலைப் பற்றிப் பேச யாருக்கும் மனசு வரவில்லை.

அப்புறம் மறுபடி பகடைக்கு எப்படி வந்தீர்கள்?

மின்வெட்டால். 2012ல் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சென்னைக்கு வெளியே நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. தறி ஓடவில்லை, மோட்டார் ஓடவில்லை, கணினி எங்கே ஓடும்? யூபிஎஸ் இருந்த வீட்டில் அது ஃபேனுக்கே போதவில்லை. ஊரில் இருந்த நான்கைந்து பேர் பொழுதோட வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, கோபிக்காரர் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அரிக்கேன் விளக்கிலும் மெழுகுவர்த்தியிலும் ஆடினோம். அந்த வருடக் குறிப்புகளில் மெழுகு சொட்டிய பக்கங்கள் நிறைய.

திருப்பூர் அணியை அந்தச் சமயம் யாரும் கலைக்கவில்லை. காங்கேயத்துக்காரர் அதைப் பொறுப்பேற்று, தன் அணிக்கு எதிராகவும் ஒழுங்காக ஆடினார். அந்த இரண்டு அணியும் மோதிய ஆட்டத்தில் திருப்பூருக்கு நான் பகடை போட்டேன். தொழில் ஒரு நிலைக்கு வந்து திருப்பூர்க்காரர் திரும்பியபோது அணி அப்படியே இருந்தது, நூறு தேங்காயும் பத்திரமாக இருந்தது. இன்றைக்கும் யாருக்காவது உடம்பு சரியில்லை, வீட்டில் கஷ்டம் என்றால் இதே ஏற்பாடுதான்: ஒரு வருடம் அடுத்தவர் காப்பார். ஆட்டக் குறிப்பு மட்டும் காப்பவர் எழுதக்கூடாது, அந்தப் பக்கம் காலியாகவே விடப்படும்.

கொரோனா காலத்தில்?

வீடியோ அழைப்பில் ஆடினோம். பகடைமேல் கேமரா இருக்க வேண்டும் என்று உடுமலைக்காரர் சொல்ல, எல்லாரும் ஈரோட்டுக்காரரைப் பார்த்தோம். சிக்கல் அட்டையில்தான் வந்தது. 2020ல் நிஜ சீசனே 60 ஆட்டம்தான். அவ்வளவு குறைந்த ஆட்டத்தில் நடுத்தர ஆளும் மாமன்னன் மாதிரி தெரிவான். அந்த வருட அட்டைகளை ஏலத்தில் சேர்க்கவில்லை, முந்தைய ஆண்டின் அட்டைகளையே இன்னொரு சீசன் ஓட்டினோம்.

அமெரிக்காவில் வந்த புது விதிகளை ஏற்கிறீர்களா?

ஒன்பது இன்னிங்ஸில் சமனானால் இரண்டாம் பேஸில் ஓர் ஆளைச் சும்மா நிறுத்தி ஆரம்பிப்பது எங்களிடம் கிடையாது. எட்டு பேரும் எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே விஷயம் அது. 2023ல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்தார்கள். பகடைக்கும் வைத்தால் தேவலாம். உடுமலைக்காரர் ஒரு பேட்டரை மாற்ற யோசிக்கிற நேரத்தில் பழனிக்குப் போய்விட்டு வந்துவிடலாம்.

நிஜ பேஸ்பால் பார்ப்பீர்களா?

கொஞ்சம். அங்கே ராத்திரி ஆட்டம் இங்கே விடிகாலை நாலரைக்கு ஆரம்பிக்கும். பால் கறக்க எழுகிற பொள்ளாச்சிக்காரருக்கு மட்டும் தோதான நேரம். நேரில் மைதானத்தில் பார்த்தவர் திருப்பூர்க்காரர் ஒருவர்தான். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, ரொம்ப மெதுவாகப் போகிறது, நம்மளுது மேல் என்றார். இந்தியாவிலிருந்து ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் 2008ல் பிட்ஸ்பர்க் அணியின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, அவர்களுக்கு அட்டை வந்தால் முதலில் யாருக்கு என்று முன்கூட்டியே ஏலம் போட்டோம். பெரிய லீக்வரை அவர்கள் போகவில்லை. அந்தத் தேங்காய் இன்னும் கணக்கில் நிலுவை.

பெண்கள் ஆடுகிறார்களா?

காங்கேயம் அணியை இப்போது நடத்துவது காங்கேயத்துக்காரரின் மகள். இடது கை பிட்சருக்கு எதிராக வலது கை பேட்டர்களை மட்டும் இறக்குவதற்கென்றே இரண்டு தனிப் பட்டியல் வைத்திருக்கிறார். அப்பா ஏலம் கூவுவதோடு சரி. மகளிடம் தோற்றவர்கள் எழுதும் குறிப்புகள் வழக்கத்தைவிடச் சின்னவை என்பதைக் கணக்குப்பிள்ளை என்ற முறையில் பதிவு செய்கிறேன்.

நாங்களும் ஒன்று ஆரம்பிக்க வேண்டும். என்ன செய்யலாம்?

எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், ஆறு பேர் என்றால் இன்னும் நல்லது. முதல் சீசனில் ஆளுக்கு முப்பது ஆட்டம் போதும். 162 என்று கிளம்பினால் தை மாதம் ஆரம்பித்தது தீபாவளிக்கும் முடியாது. விதிகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பெட்டி வாங்க முடியாவிட்டால் கவலை வேண்டாம், வீரர்களின் பழைய புள்ளிவிவரங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மேலே சொன்ன கழித்தல் கணக்கை வைத்து நீங்களே அட்டை எழுதலாம். கபடிக்கு எழுத முடியுமா என்று ஒருவர் கேட்டார். ரெய்டும் தனித்தனியாக முடிகிற விஷயம்தானே, முடியும் என்றே நினைக்கிறேன். கணக்கு எழுத ஒருவரை முதலிலேயே நியமித்துவிடுங்கள், நன்றாக ஆடுகிறவராக அவர் இல்லாதது நல்லது. பட்டியலில் மேலே இருப்பவரை விட்டுவிடுங்கள். கடைசியில் இருப்பவருக்கு வாரம் ஒரு முறை போன் போடுங்கள்.

உங்கள் லீக்கில் இடம் இருக்கிறதா?

எட்டும் நிரம்பியிருக்கிறது. தாராபுரத்துக்காரர் ஒருவரும் கரூர்க்காரர் ஒருவரும் வரிசையில் நிற்கிறார்கள். இப்போதைக்கு இருவரும் ஏலத்துக்கு வந்து பார்க்கலாம், சாப்பிடலாம், துண்டு பிடிக்கலாம், பேசக்கூடாது. யாராவது ஓர் ஆண்டு விலகினால் காக்கும் பொறுப்பு முதலில் தாராபுரத்துக்கு.